எடுத்ததை முழுக்கப் பார்ப்பது: ஆவணப்பட மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



படத்தொகுப்பு, முதல் வெட்டு விழுவதற்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. எடுத்து வந்த காட்சிகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததைக் குறித்து வைப்பது, அந்தக் குறிப்புகளைக் கொண்டு பயன்படக்கூடியதைப் பிரித்தெடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தத் தொடக்கம். இறுதியாண்டுத் திட்ட அட்டவணைகளில் படப்பிடிப்புக்கு நாள் உண்டு, எடிட்டிங்குக்கு நாள் உண்டு, வண்ணச் சீரமைப்புக்கும் பின்னணி இசைக்கும்கூட நாள் ஒதுக்கப்படுகிறது. பார்ப்பதற்கென்று நாள் ஒதுக்கும் அட்டவணை அரிது. எதையும் முழுக்கப் பார்க்காமல் டைம்லைனில் துண்டுகளை அடுக்கத் தொடங்கும் படம், இயக்குநருக்கு ஏற்கெனவே நினைவில் இருப்பதை மட்டுமே சொல்லும். கேமரா கூடுதலாகக் கண்டது எதுவும் அதில் சேராது. விடுபட்டுப்போன அந்தக் கட்டத்தைப் பற்றியது இம்மடல்.

தமிழில் இந்த வேலைக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. ஏ.கே. செட்டியார் உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி அவர் படம்பிடித்ததன்று. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது எழுந்த எண்ணத்தின் பின்னால் நாடு நாடாக அலைந்து, முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு கேமராக்காரர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களை அவர் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. படமானது சுமார் 12,000 அடி. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகத்தில் 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் அவர் முன் இருந்தது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காட்சி. பிறர் வேறு நோக்கத்துக்காக எடுத்ததை இன்னொரு கதைக்குத் தேர்வதென்றால், திரையில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒவ்வொரு துண்டையும் பார்த்தே உறுதி செய்தாக வேண்டும். குறுக்குவழி எதுவும் கிடையாது.

அந்த ஒன்பது மணி நேரம் இன்று ஒரு மாணவர் குழு இரண்டே நாளில் எடுத்துவிடும் அளவு. படச்சுருள் காலத்தில் 1,000 அடி டப்பா பதினோரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. நெகட்டிவுக்குத் தனிச் செலவு, லேபில் கழுவுவதற்குத் தனிச் செலவு, பிரிண்டுக்குத் தனிச் செலவு. ஆகவே தேர்வின் முதல் பாதி படப்பிடிப்புத் தளத்திலேயே நடந்து முடிந்தது. ஓகே டேக் எது, என்.ஜி. டேக் எது என்று உதவி இயக்குநர் ரிப்போர்ட்டில் குறித்தார். எடிட்டிங் அறைக்கு வந்தது ஏற்கெனவே ஒருமுறை சலிக்கப்பட்ட சரக்கு. டிஜிட்டல் கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் எண்பது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. தளத்தில் நடந்த தேர்வு முழுவதும் எடிட்டிங் மேசைக்கு இடம் மாறிவிட்டது. அதற்கான நேரம் மட்டும் இடம் மாறி வரவில்லை.

பெரிய படங்களோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். 1979-இல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு எடுக்கப்பட்டது சுமார் 12,50,000 அடி, அதாவது 230 மணி நேரம். அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், எடுத்ததற்கும் படத்தில் நின்றதற்கும் உள்ள விகிதத்தை 95-க்கு 1 என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார். 2015-இல் வெளிவந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ படத்துக்காக அதன் எடிட்டர் மார்கரெட் சிக்செல் முன் வந்து விழுந்தது ஏறத்தாழ 480 மணி நேரக் காட்சி. அதிலிருந்து இரண்டு மணி நேரப் படத்தைச் செதுக்கியதற்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இவை எங்கோ ஹாலிவுட்டில் நடப்பவை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் 40 மணி நேரம் எடுத்து 25 நிமிடப் படம் செய்யும் கல்லூரிக் குழுவின் விகிதமும் 96-க்கு 1. சுமை அதே சுமை. அங்கே உதவியாளர்களும் மாதக்கணக்கான அவகாசமும் இருந்தன. இங்கே ஒரு லேப்டாப்பும் சமர்ப்பிக்கும் தேதியும் இருக்கின்றன.

பார்க்க உட்காரும் முன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் சிலவே. ஆனால் அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. மெமரி கார்டில் உள்ள ஃபோல்டர் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, இரண்டும் திறந்து ஓடுவதை உறுதி செய்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். கேமராவிலேயே ‘இது வேண்டாம்’ என்று கிளிப்பை அழிக்கும் பழக்கம் மிகத் தவறானது. இரண்டங்குலத் திரையில் வெயிலில் நின்று எடுக்கும் முடிவு அது. தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு இணைத்துவிட்டே பார்க்க வேண்டும். கிளாப் அடித்திருந்தால் கட்டை மோதும் ஃபிரேமையும் ஒலி அலையின் கூர்முனையையும் பொருத்தினால் போதும். செல்போனில் எடுத்த காட்சிகளில் ஃபிரேம் வேகம் நிலையாக இராமல் கூடிக் குறைவதால், நீண்ட பேட்டியில் உதட்டசைவும் குரலும் மெல்ல விலகிப்போகும். அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றிய பின்பே பார்ப்பது நல்லது. லேப்டாப் திணறினால் சிறிய அளவிலான பிராக்சி கோப்புகளைத் தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்பதை மூலக் கோப்பில், முழுத் திரையில்தான் தீர்மானிக்க முடியும். சிறிய சன்னலில் எல்லா ஷாட்டும் கூர்மையாகத்தான் தெரியும்.

இனி முதல் பார்வை. இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு காட்சியை முதன்முறை பார்ப்பது ஒரே ஒருமுறைதான் வாய்க்கும். பார்வையாளர் திரையரங்கில் எதைக் கண்டு சிரிப்பார், எங்கே நிமிர்ந்து உட்கார்வார், எங்கே கவனம் சிதறும் என்பதற்கு எடிட்டருக்குக் கிடைக்கும் நேர்ச் சான்று அந்த ஒருமுறை மட்டுமே. பத்தாம் முறை பார்க்கும்போது திறமை கூடியிருக்கும், அனுபவம் கூடியிருக்கும்; அந்தச் சான்று கிடைக்காது. ஆகவே முதல் பார்வையைச் சிதறடிக்கக் கூடாது. எடுத்த வரிசையில், இயல்பான வேகத்தில், ஒலியோடு, இடையில் செல்போனைத் தொடாமல் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் ‘எல்’ விசையை இரண்டாம் முறை தட்டினால் காட்சி இரு மடங்கு வேகத்தில் ஓடும். விரல் தானாக அங்கே போகும். அப்படி ஓட்டிப் பார்த்தவர் தகவலைப் பெறுவார். ஒருவர் பதில் சொல்லத் தயங்கியதை, அந்தத் தயக்கத்தின் நீளத்தை, பெறமாட்டார்.

மர்ச் இந்த முதல் பார்வையை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டவர். காட்சிகள் முதன்முறை ஓடும்போது மனத்தில் படுவதை உடனுக்குடன் எழுதிவிடுவார். அது கோர்வையாக இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் அந்தக் காட்சியை வெட்ட உட்காரும் முன் இரண்டாம் முறை பார்த்து, நுணுக்கமான குறிப்புகளை முதல் குறிப்புக்குப் பக்கத்தில் சேர்ப்பார். முதலாவது பார்வையாளரின் குறிப்பு, இரண்டாவது தொழிலாளியின் குறிப்பு. இரண்டும் முரண்படும் இடங்களில் முதலாவதை எளிதில் கைவிடக் கூடாது. ஒவ்வொரு கேமரா அமைப்பிலிருந்தும் அதன் சாரத்தைச் சொல்லும் ஃபிரேம்களை நிழற்படங்களாக எடுத்துப் பலகையில் ஒட்டிச் சுவரில் மாட்டி வைப்பதும் அவர் வழக்கம். பேச்சால் விவரிக்க முடியாத ஒரு முகபாவத்தை எடிட்டரும் இயக்குநரும் சுட்டிக்காட்டிப் பேச அது உதவுகிறது. செலவில்லாத உத்தி. ஒரு கல்லூரி எடிட்டிங் அறையின் சுவரும் இதற்குப் போதும்.

படப்பிடிப்புத் தளத்திலிருந்து எடிட்டர் விலகியிருப்பதே நல்லது என்பதும் மர்ச் வலியுறுத்தும் கருத்து. அந்த ஷாட்டுக்காக யார் எத்தனை மணி நேரம் மழையில் நின்றார்கள், எவ்வளவு வாடகை கொடுத்து டிரோன் வந்தது என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரியாது. எடிட்டருக்கும் தெரியாமலிருந்தால் ஷாட்டை ஷாட்டாகப் பார்ப்பார். மாணவர் படங்களில் இது கடினம். இயக்கியவர், கேமரா பிடித்தவர், வெட்டுபவர் மூவரும் பல நேரம் ஒருவரே. அந்த நிலையில் படப்பிடிப்புக்கு வராத வகுப்புத் தோழர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது பெரிய உதவி. அவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. அவர் எங்கே முன்னால் சாய்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டாலே போதும்.

முழுவதும் பார்ப்பது என்றால் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும் ‘கட்’ சொன்னதற்குப் பின்னும் ஓடியதையும் சேர்த்துத்தான். ஆவணப்படத்தின் நல்ல கணங்கள் பல அந்த ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும். பேட்டி முடிந்தது, நன்றி என்றதும் பேசியவரின் தோள் தளர்கிறது; முகத்தில் இறுக்கம் போய் இயல்பு வருகிறது; அதுவரை கேட்ட கேள்விக்கான உண்மைப் பதில் அப்போதுதான் வாய்விட்டு வருகிறது. கேமரா ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாத நிலையில் பதிந்த பேச்சு என்றால், அவரிடம் கேட்டு ஒப்புதல் பெறாமல் அதைப் பயன்படுத்துவது முறையாகாது. குறிப்பில் அதையும் எழுதிவைக்க வேண்டும். கேமராவைச் சரிசெய்தபடி இருந்தபோது தற்செயலாகப் பதிந்த சுவர், வாசல், காத்திருக்கும் கைகள் போன்றவை பின்னர் இரண்டு பேச்சுகளுக்கு நடுவே வைக்க மிகத் தேவைப்படும். அறையின் வெறும் ஒலி அரை நிமிடம் எங்காவது பதிந்திருந்தால் அது தங்கம். ஒலித் தொகுப்பின்போது அதைத் தேடி அலையாதவர்கள் குறைவு.

குறிப்பெழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண் ஒருவரை ஒரு குழு ஒரு மணி நேரம் பேட்டி கண்டது என்று வைத்துக்கொள்ளலாம். ‘பாய் அம்மா பேட்டி, நன்றாகப் பேசுகிறார்’ என்ற குறிப்பால் ஒரு பயனும் இல்லை. மூன்று வாரம் கழித்து அந்தக் கிளிப்பை மீண்டும் முழுக்கப் பார்க்க வைக்கும் குறிப்பு அது. பயன்படும் குறிப்பு இப்படி அமையும்: ‘14:20, கோரை ஊறப்போடும் நாள்கணக்கைச் சொல்கிறார், விரல்விட்டு எண்ணுகிறார். 16:05, கூலி பற்றிக் கேட்டதும் பதில் இல்லை, நான்கு நொடி மௌனம், உள்ளறைப் பக்கம் பார்க்கிறார். 16:40, பேரப்பிள்ளை குறுக்கே ஓடுகிறது, சிரிக்கிறார், காலர் மைக்கில் சேலை உரசுகிறது. 21:10, அதே கூலிக் கேள்விக்குத் தானாகவே திரும்பி வந்து பதில் சொல்கிறார். நெகிழ்ச்சி.’ நேரம், நடப்பது, பேச்சின் சாரம், ஒலியிலோ ஒளியிலோ உள்ள குறை, பார்த்தவர் மனத்தில் பட்டது. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். பேசியவர் பயன்படுத்திய சொல்லையே எழுதுவது நல்லது. ‘பொருளாதாரச் சிக்கலை விளக்குகிறார்’ என்று எழுதியவர் பின்னர் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

குறிப்பு முடிந்த பிறகே தேர்வு. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடெரிக் வைஸ்மன் பல பத்தாண்டுகளாகத் தம் படங்களைத் தாமே தொகுத்தவர். நூறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்து, ஆறு முதல் எட்டு வாரங்கள் அதைப் பார்ப்பதற்கே செலவிடுவது அவர் முறை. உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி தரும் நட்சத்திரங்களைப் போல ஒவ்வொரு காட்சித்தொடருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறியிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்று முடியும்போது ஏறத்தாழ பாதி ஒதுங்கிவிடும். படம் எதைப் பற்றியது என்பது முன்கூட்டியே முடிவான விஷயமாக இல்லாமல், பார்த்துப் பார்த்துத் தெளிவதாக அமைவது இந்த முறையின் பெருஞ்சிறப்பு. மாணவர்கள் பலர் எழுதி ஒப்புதல் பெற்ற திட்ட அறிக்கைக்குப் பொருந்தும் காட்சியைத் தேடுகிறார்கள். எடுத்துவந்த காட்சி வேறொரு படத்தைக் காட்டினால், அறிக்கையை மாற்றிக்கொள்ள ஆசிரியர்கள் இடம் தர வேண்டும்.

மூன்று தரம் போதுமானது. கட்டாயம் வேண்டும், இருந்தால் உதவும், இப்போதைக்கு வேண்டாம். எடிட்டிங் மென்பொருளில் உள்ள வண்ண லேபிள்களையும் மார்க்கர்களையும் இதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு தரமாகப் பிரிக்கத் தொடங்கினால் பிரிப்பதே வேலையாகிவிடும். முதல் தரத்தில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் தீர்ப்பு தேவைப்படுகிறது. ஃபோகஸ் சற்று நழுவியிருந்தாலும், கை நடுங்கியிருந்தாலும், இனி ஒருபோதும் நிகழாத ஒன்று அதில் இருந்தால் அது முதல் தரம். மாசுமறுவற்ற சூரிய உதயம் இரண்டாம் தரம், நாளையும் உதிக்கும். ஒரே செய்தியை ஒருவர் மூன்று முறை சொல்லியிருந்தால், மூன்றாவது தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்கும், முதலாவது உயிரோடு இருக்கும். தெளிவை விளக்கவுரையாலோ எழுத்தாலோ ஈடுகட்டிவிடலாம், உயிரை ஈடுகட்ட வழியில்லை. எனவே முதலாவதைக் கீழே தள்ளும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். பேசுபவரை மட்டும் தேர்ந்துவிட்டுக் கேட்பவரை விட்டுவிடுவது இன்னொரு பொதுவான குறை. கேட்டுக்கொண்டிருக்கும் முகம், வேலையை நிறுத்திய கை, வாசலில் வந்து நின்றவர் ஆகியவை இல்லாமல் நீண்ட பேச்சைச் சுருக்க முடியாது.

தேர்வுக்குத் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் இடும்போது ஒரு பெரிய பொறுப்பு வருகிறது. அதே பாய் நெசவாளர், ‘கூலி கட்டுபடியாகல, ஆனாலும் இத விட மனசு வரல’ என்று சொன்னதாகக் கொண்டால், காற்புள்ளி விழும் இடத்தில் முடிவுப் புள்ளி வைப்பவர் அவரைப் பாதி மனிதராக்கிவிடுகிறார். இரண்டாம் பாதியை மட்டும் எடுப்பவர் செய்வதும் அதே தவறு. ஒரு மணி நேரம் பேசியவரிடமிருந்து ஒன்றரை நிமிடத்தை எடுப்பது தவிர்க்க இயலாதது. அந்த ஒன்றரை நிமிடம் அவர் சொன்ன முழுமைக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை, முழுவதையும் கேட்டவரால் மட்டுமே சொல்ல முடியும். பார்க்காமல் தேர்வது அழகியல் குறையாக நின்றுவிடாது. படத்தில் இருப்பவருக்குச் செய்யும் அநீதியாகவும் ஆகலாம். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922-இல் வெளிவந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்துக்காக எடுத்த காட்சிகளை ஆர்க்டிக் பகுதியிலேயே கழுவி, அதில் பங்கேற்ற இன்யூட் மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். அவர் சில காட்சிகளைச் செயற்கையாக அமைத்தது பற்றிய விமர்சனம் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயினும் எடுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது என்ற அந்த வழக்கம் பின்பற்றத் தக்கது. ‘இதப் போடாதீங்க’ என்று ஒருவர் சொன்ன இடம் குறிப்பில் சிவப்பாக இருக்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் ஒரு புதிய சபலம் சேர்ந்திருக்கிறது. பேச்சைத் தானாக எழுத்தாக்கி, எழுத்தில் வெட்டினால் படத்தில் வெட்டு விழும் வசதி, அடோபி பிரீமியர் ப்ரோ உள்ளிட்ட மென்பொருள்களில் 2023 முதல் வந்துவிட்டது. நீண்ட பேட்டிகளில் ஒரு சொல்லைத் தேட இது மிகவும் உதவும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்துப் படியில் மௌனம் இல்லை, கண் இல்லை, விரல்விட்டு எண்ணும் கை இல்லை. வட்டார வழக்கிலும் ஊர்ப் பெயர்களிலும் தொழிற்சொற்களிலும் இந்த எழுத்துப் படிகள் அடிக்கடி தடுமாறுகின்றன. தப்பாக எழுதப்பட்ட சொல்லைத் தேடினால் அந்த இடம் அகப்படவே செய்யாது. இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றையும் மர்ச் சுட்டியிருக்கிறார். படச்சுருளைப் பத்து நிமிடச் சுருள்களாக வைத்துக் கெம் என்ற எடிட்டிங் மேசையில் ஓட்டிய காலத்தில், வேண்டிய ஷாட்டைத் தேடிப் போகும் வழியில் மற்ற ஷாட்டுகளும் கண்ணில் பட்டன. தேடியதைவிடச் சிறந்தது வழியில் கிடைத்தது. கணினி கேட்டதை உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கேட்கத் தெரியாததை அது கொடுப்பதில்லை. இதற்கு மாற்று, குறிப்பைப் பார்த்து நேரே அந்த இடத்துக்குத் தாவாமல், முன்னும் பின்னும் ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் திட்டமிட்டே ஆக வேண்டும். குறிப்பெழுத இடையிடையே நிறுத்துவதால், பார்ப்பதற்குக் காட்சியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகும் என்று கொள்வது பாதுகாப்பான மதிப்பு. 40 மணி நேரக் காட்சிக்கு 60 மணி நேரம். கவனம் மழுங்காமல் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பார்ப்பது கடினம். ஆக, பன்னிரண்டு நாள். இந்தக் கணக்கைப் படப்பிடிப்புக்கு முன்பே போட்டுப் பார்த்த குழு கேமராவை நிறுத்தவும் கற்றுக்கொள்ளும். படப்பிடிப்பு பல நாள் நீடித்தால் அன்றன்றைக்கு எடுத்ததை அன்றிரவே பார்த்துவிடுவது பழைய ரஷஸ் காலத்து நல்வழக்கம். மறுநாள் என்ன எடுக்க வேண்டும், எதை மீண்டும் எடுக்க வேண்டியதில்லை என்பது அப்போது தெரியும். பேட்ச் ஒர்க்குக்காக ஊருக்குத் திரும்பி ஓடும் செலவும் மிஞ்சும். ஆசிரியர்கள் திட்ட அட்டவணையில் பார்க்கும் நாட்களுக்குத் தனி வரி ஒதுக்கி, மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் குறிப்பேட்டுக்குத் தர வேண்டும் என்பதே இம்மடலின் முதன்மையான வேண்டுகோள்.

தேர்ந்தவற்றை வரிசையாக ஒரு டைம்லைனில் கோத்தால் அது தேர்வுச் சுருள். 40 மணி நேரம் அதில் மூன்று நான்கு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். வெட்டும் வேலை இங்கிருந்து தொடங்குகிறது. அதற்காக ஒதுக்கியவை முடிந்துபோனவை ஆகிவிடா. முதல் முழு வடிவம் தயாரானதும், ஒதுக்கியவற்றை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். வைஸ்மனும் படத்தை முடிக்கும் முன் எல்லாக் காட்சிகளையும் திரும்பப் பார்த்து, விட்டுப்போனது ஏதேனும் உண்டா என்று சோதித்தவர். வேண்டாம் என்ற முடிவு, படத்தின் உருவம் தெரியாத நாளில் எடுத்தது. உருவம் தெரிந்த பிறகு, கோரைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு யாரோ ஒருவர் தெருவைக் கடக்கும் எட்டு நொடி, திணறிக்கொண்டிருந்த மாற்றம் ஒன்றைச் சரியாக்கிவிடலாம்.

இன்னும் நீண்ட காலக் கணக்கிலும் ஒதுக்கியவற்றுக்கு மதிப்பு உண்டு. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவை மைக்கேல் லிண்ட்சே-ஹாக் எடுத்த ஏறத்தாழ 60 மணி நேரக் காட்சியிலிருந்து 1970-இல் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத ‘லெட் இட் பி’ வந்தது. பிரியப்போகும் நண்பர்களின் படம் என்று அது பெயர் பெற்றது. அதே காட்சிகளைப் பீட்டர் ஜாக்சன் முழுதாகப் பார்த்து 2021-இல் உருவாக்கிய ‘கெட் பேக்’ ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடுகிறது. சிரிப்பும் கூட்டு உழைப்பும் அதில் நிறைந்திருக்கின்றன. சோவியத் தொகுப்பாளர் எஸ்ஃபிர் ஷூப், ஜார் ஆட்சிக் காலத்தில் எடுக்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த சுமார் 60,000 மீட்டர் படச்சுருளைப் பார்த்து, 5,200 மீட்டரைத் தேர்ந்து, அதில் 1,500 மீட்டரைக் கொண்டு 1927-இல் ‘ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி’யைத் தந்தார். அரச குடும்பம் தன் பெருமைக்காக எடுத்துவைத்த காட்சிகளும் அந்த வம்சத்தின் முடிவைச் சொல்லும் படமாயின. யாரோ எறியாமல் வைத்திருந்ததால் இவை நடந்தன.

பத்தமடையின் தறி, ஒரு கிராமத்துக் கூத்துக் கலைஞரின் பேச்சு, தூர்ந்துபோகும் கண்மாய் என்று கல்லூரிகளில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் காட்சிகள் இந்த மாநிலத்தைப் பற்றிய பெரிய பதிவு. படம் சமர்ப்பித்தவுடன் அடுத்த செமஸ்டருக்காக டிஸ்க்கை அழித்துவிடுகிற வழக்கம் மாற வேண்டும். துறை நூலகம் இறுதிப் படத்தோடு தேர்வுச் சுருள், முழுக் குறிப்பேடு, பேசியவர்களின் ஒப்புதல் கடிதங்கள் மூன்றையும் பெற்று வைக்கலாம். இடமிருந்தால் மூலக் காட்சிகளையும் வாங்கி, இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஆண்டுக்கொருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எடுத்த இடம், தேதி, இருப்பவர் பெயர்கள், பேசிய மொழியும் வழக்கும், எந்தப் பகுதியைப் பொதுவில் காட்டக் கூடாது என்ற விவரம் ஆகியவை இருந்தால், பின்னொரு நாள் அதைத் திறக்கும் ஆய்வாளர் எடுத்தவரைத் தேடி அலையாமலே வேலையைத் தொடங்கிவிட முடியும்.